முப்பத்தொரு ஊதாக் கோடுகள்

ராஜாம்பாளுக்கு வரிசை என்று ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. கோணலாக நிற்பவளைப் பிடித்து நேராக நிறுத்துவாள். பேச்சின் நடுவில் திணறுகிறவளுக்கு மீதியைத் தானே சொல்லி முடிப்பாள். கேள்வி கேட்டவர் வாயை மூடுவதற்குள் அவள் விரல் உயர்ந்திருக்கும். பதினாறு வயதில் இத்தனை சுறுசுறுப்பு இருந்தால் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும் என்பது அவள் கணக்கு. ஊர் கிடக்கட்டும், கூடப் படிக்கிற முப்பத்து மூன்று பெண்களே கொண்டாடவில்லை. நாலு வருஷமாக வகுப்புத் தலைமைக்கு நின்று, நாலு வருஷமும் அவள்தான் அதிகக் கோடு வாங்கினாள்.

இந்தக் கோட்டு விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது. மேரி என்று புதுச்சேரிக்காரர்கள் சொல்லும் நகரசபைக்கு ஃபிரெஞ்சுக்காரன் காலத்தில் தேர்தல் நடக்கும்போது, அச்சடித்த பெயர் ஜாபிதாவில் வேண்டாத பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு உறையில் போட்டுப் பெட்டியில் சேர்ப்பார்கள். அதைப் பார்த்து ராஜாம்பாளின் ஃபிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மாசேர் என்று பெண்கள் கூப்பிடும் கன்னியாஸ்திரிகள் வகுப்புக்கென்று ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார்கள். மூன்று பெண்கள் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. வேண்டாதவள் பெயர் மேல் ஒரே ஒரு கோடு. யாருக்குக் கோடு குறைவோ அவள்தான் வகுப்பின் செஃப், அதாவது தலைவி. ஃபிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் பள்ளிக்கூடத்தில் இது மாறவில்லை, ஊதா மை மாறாதது போலவே. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் நீல மையில் எழுதிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் இன்னும் ஊதா மையில் விரலைக் கறையாக்கிக் கொண்டிருந்தார்கள்.

1958 சித்திரைக் கடைசியில் வந்தது மாணவர் தலைமைப் பயிற்சி மாநாடு. மூன்று நாள், ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு ஒரு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சென்னையிலிருந்து தெய்வசிகாமணி என்பவர் வந்து நடத்தினார். கதர்ச் சட்டை, கழுத்தில் விசில், கையில் சுருட்டிய படங்கள். நல்ல மனுஷர். ஆனால் பேச ஆரம்பித்தால் கேட்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தூரத்தில் பாரதத்தின் எதிர்காலத்தைப் பார்ப்பார். பல பள்ளிகளிலிருந்தும் சுற்றுவட்டக் கொம்யூன் கிராமங்களிலிருந்தும் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆண்களின் ஃபிரெஞ்சுப் பள்ளிக்குப் பரீட்சை, அவர்கள் வரவில்லை. அதனால் ஊதா மைக்காரர்கள் ராஜாம்பாள் வகுப்பு முப்பத்து நாலு பேர் மட்டும்தான்.

"மாநாட்டுக்குத் தலைவர் ஒருத்தரை நீங்களே தேர்ந்தெடுக்கப் போறீங்க" என்றார் தெய்வசிகாமணி. "மூணு நாளும் அவர்தான் நடத்தணும். தீபாவளிக்கு முன்னாடி டில்லியில நடக்கிற அகில இந்திய இளைஞர் மாநாட்டுக்கும் இந்த ஊர் சார்பா அவர்தான் போவார். பத்து நாள். ரயில் செலவு எங்களுது."

அவர் முடிப்பதற்குள் ராஜாம்பாள் விரலைத் தூக்கிவிட்டாள்.

ராஜாம்பாள் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. அங்கே ஜங்ஷனில் நின்று, வடக்கே போகிற வண்டியைக் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துவிட்டு ரெட்டியார்பாளையம் வீட்டுக்குத் திரும்பியவள். டில்லி என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு சுட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் ஆசைப்பட்டது டில்லிக்கு மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் கூடி, இவள்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்காக எதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

கூட நின்றவர்கள் இரண்டு பேர். துணி வியாபாரி வீட்டுப் பையன் கலீலுல்லா, காலையில் மைக் வேலை செய்யாதபோது சத்தமில்லாமல் போய்ச் சரி பண்ணியவன். அவனை அவன் தோழர்கள் தள்ளிவிட்டு எழுப்பினார்கள். இன்னொருவன் பாவாடை, பாகூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். அவனை அவன் வாத்தியார் எழுப்பினார்.

மூன்று பெயரும் எழுதிய சீட்டைக் கொடுத்துக்கொண்டே தெய்வசிகாமணி சொன்னார்: "நாலு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்த ஊருக்கு ஜனநாயகம்னா என்னன்னு தெரியாது. இன்னிக்கு உங்களுக்கு வோட்டுப் போடக் கத்துக் குடுக்கறேன்."

பெண்கள் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. "எங்க தாத்தாவுக்குத் தாத்தா வோட்டுப் போட்டவரு. இவரு கத்துக் குடுக்கறாராம்" என்றாள் சின்னக்கண்ணு. அடுத்த பெஞ்சு அதை வாங்கி அதற்கு அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தது. முப்பத்து நாலு பேருக்கும் மூக்கு விடைத்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் தெய்வசிகாமணி அதற்குப் பிறகு சொன்னது ஒருத்தி காதிலும் ஏறவில்லை. அவர் சொன்னது இது: "யார் வேணுமோ அவர் பேர்ல ஒரு குறி போடுங்க. டிக்கோ, வட்டமோ, கோடோ, எதுவானாலும் சரி. மனசு தெரிஞ்சாப் போதும்."

அவர்கள் பேனாவைத் திறந்தார்கள். பழகின கை பழகினபடி ஓடியது. ராஜாம்பாளும் யோசிக்கவில்லை. கலீலுல்லாதான் பலமான ஆள் என்று கண்டு, அவன் பெயர் மேல் வெறுங்கையால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சீட்டை மடித்தாள். பக்கத்தில் பதுருன்னிசா வழக்கம்போல அளவுகோல் வைத்து, மெதுவாக, நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பதுருன்னிசா ஆறு வருஷமாகப் பெஞ்சுத் தோழி. அவள் அத்தா பைண்டிங் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் மர அளவுகோல்தான் அது. ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கும், அதை வைத்துப் போட்ட எந்தக் கோட்டிலும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும்.

சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணிக்கை. கடற்காற்று இன்னும் வீசத் தொடங்கவில்லை, மண்டபம் வெந்துகொண்டிருந்தது. தெய்வசிகாமணி முதல் சீட்டைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். "கலீலுல்லா, ஒண்ணு."

ராஜாம்பாள் கழுத்தை நீட்டிச் சீட்டைப் பார்த்தாள். கோணலாக இழுத்த அந்த ஊதாக் கோடு அவளுடையது. அடித்ததை வோட்டாக எண்ணுகிறார் மனுஷர். எழுந்து சொல்லலாமா என்று அவள் நினைப்பதற்குள் அடுத்த சீட்டு. "ராஜாம்பாள், ஒண்ணு." அதற்கடுத்தது. "ராஜாம்பாள், ரெண்டு."

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தாவது வருவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது, அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. அவள் பெயர் சொல்லி அவர் தூக்கிக் காட்டும் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஊதா. அத்தனையும் அவள் பெயர் மேல் கோடு. திரும்பித் தன் வகுப்புப் பெண்களைப் பார்த்தாள். சின்னக்கண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எவள் எழுந்து, ஐயா நாங்கள் இவள் வேண்டாம் என்றுதான் போட்டோம் என்று சொல்வாள்?

கடைசிக் கணக்கு: ராஜாம்பாள் ஐம்பத்திரண்டு, கலீலுல்லா முப்பத்தேழு, பாவாடை இருபத்தொன்பது. பையன்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. தெய்வசிகாமணி மூவர்ண ரிப்பன் ஒன்றை அவள் தாவணியில் குத்தச் சொல்லிக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடை ஏறினாள். வாயைத் திறந்தாள், நன்றி சொன்னாள், இறங்கிவிட்டாள்.

"தலைவிக்கு முதல் வேலை. இந்தச் சீட்டையெல்லாம் கட்டி டின்னுல போட்டு வைம்மா" என்றார் தெய்வசிகாமணி.

இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து தன் ஐம்பத்திரண்டைப் பிரித்தாள். நீல மையில் டிக்கும் வட்டமுமாக இருபத்தொன்று. ஊதாக் கோடு முப்பத்தொன்று. தன்னைத் தவிர, அவளை அடிக்காதவர்கள் வகுப்பில் இரண்டே பேர். அந்த இரண்டில் ஒன்று பதுரு என்று அவளுக்கு நிச்சயம். நிச்சயம் என்றால் அதோடு விட வேண்டியதுதானே? கை கேட்கவில்லை. ஒவ்வொரு கோடாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பத்தொன்பதாவது சீட்டில், தன் பெயரின் நடுவில், கோடு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதிரே இருந்த சுவர் கூடத் தெரியவில்லை. மற்ற முப்பதும் சேர்ந்து வலிக்காத வலி அந்த ஒன்றில் வலித்தது.

வீட்டில் அப்பா பலராமன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் மேரியில் குமாஸ்தா. இருபது வருஷம் தேர்தல் தேர்தலாக உறை பிரித்து எண்ணியவர். செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. அதற்குள் அவர் எதிர்வீட்டிலிருந்து படுக்கை சுருட்டும் ஹோல்டால் ஒன்றை இரவல் வாங்கி வந்து வெயிலில் காயப் போட்டிருந்தார். டில்லிக்கு இன்னும் ஆறு மாசம் இருந்தது.

"எத்தினி வோட்டு?"

"ஐம்பத்திரண்டுப்பா."

"செல்லாதது எத்தினி?"

"ஒண்ணும் இல்ல."

பலராமன் முகம் தொழில்காரன் முகமாக மாறியது. "நூத்திப் பதினெட்டுல செல்லாதது ஒண்ணுகூட இல்லியா? அப்ப எண்ணினவருக்கு எண்ணத் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. அம்மா மணியம்மாள் பாயசத்தை நீட்டினாள். ராஜாம்பாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

படுத்தவள் தனக்குத்தானே நியாயம் பேசினாள். தப்பு எண்ணினவருடையது, அவள் ஒன்றும் திருடவில்லை. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டாள். நன்றாக நடத்திக் காட்டினால் அந்த முப்பத்தொரு பேரும் அடித்ததற்கு வெட்கப்படுவார்கள். இந்தக் கடைசி நியாயம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

இரண்டாம் நாள் வைத்திக்குப்பத்தில் சிரமதானம். குப்பத்துத் தெருவிலிருந்து கடலுக்குப் போகிற கால்வாய் மணலும் மீன் கழிவுமாக அடைத்துக் கிடந்தது, அதை எடுக்க வேண்டும். ராஜாம்பாள் நூற்றுப் பதினெட்டுப் பேரையும் எட்டுக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இடம் காட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கினாள். பிறகு எட்டுக் குழுவின் வேலையையும் தானே செய்ய ஆரம்பித்தாள். ஒருத்தி கூடையைப் பிடுங்கி, மணலை இப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டினாள். இன்னொருத்தியை இடது கைப் பக்கம் நகர்த்தினாள், இரண்டு நிமிஷம் கழித்து வலது கைப் பக்கம் நகர்த்தினாள். கலீலுல்லாவின் குழு நாலு பேர் நாலு பேராக முறை வைத்து வெட்டிக்கொண்டிருந்தது, அதைக் கலைத்தாள். கடைசியில் பாவாடையிடம் போய் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள்.

பாவாடை மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். "நான் ஆறு வயசுலேர்ந்து புடிக்கிறேன்" என்றான் மரியாதையாக.

மீன் கூடையோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் என்கிற மீன்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "யம்மா, ரிப்பன் பொண்ணே. செத்த குந்து. உன்னப் பாத்துப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

கால்வாய் முழுக்கச் சிரித்தது. ராஜாம்பாள் முகம் சிவந்து, ஒரு படகின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கை பரபரத்தது. எதிரே சின்னக்கண்ணு கூடையைத் தப்பாகப் பிடித்திருந்தாள். அதைப் பார்க்காமல் இருக்கக் கடலைப் பார்த்தாள். கடலும் சும்மா இல்லை.

பதுருன்னிசா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். தாவணி முந்தியை முக்காடாகப் போட்டிருந்தாள், முகமெல்லாம் மணல்.

"உன் அளவுகோல் கோட்டப் பாத்தேன்" என்றாள் ராஜாம்பாள்.

பதுருன்னிசா செம்பை நீட்டினபடியே நின்றாள். "கட்டி வைக்கச் சொன்னாரு. பிரிச்சுப் பாக்கச் சொன்னாரா?" என்றாள்.

"ஏன்டி அடிச்ச?"

"போன வருஷம் மாசேர் பொறந்த நாளுக்கு நான் பாடினேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டாவது அடி முடிச்சு மூச்சு வாங்க நின்னேன். நீ எழுந்து மூணாவது அடியப் பாடிட்ட."

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன், பதுரு."

"அதான் சொல்றேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நாலு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் ராஜம், சீட்டுல. தண்ணியக் குடி, சூடாயிடும்."

அவள் செம்பை வைத்துவிட்டுக் கூடை தூக்கப் போய்விட்டாள். நாலு வருஷம் என்று சொன்னது அப்புறம்தான் ராஜாம்பாளுக்கு உறைத்தது. நூற்றுப் பதினேழு பேர் எதிரில் ரிப்பனோடு அழுவதற்கு மனசு வராமல் தண்ணீரைக் குடித்து முழுங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய் தெய்வசிகாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படம் மாட்ட வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார்.

"அடிச்சா வேண்டாம்னு அர்த்தமா? முப்பத்தொரு பேருமா?"

"ஆமாம் சார்."

"நான் சொன்னேனேம்மா, வேணும்கறவங்க பேர்லன்னு."

"நீங்க சொன்னப்ப நாங்க கோவமா இருந்தோம் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். விசிலை உருட்டிக்கொண்டே யோசித்தார். "உன் பேர நேத்தே டில்லிக்குத் தபால்ல அனுப்பிட்டேன். யாரும் புகார் பண்ணல. நீயும் கால்வாய் வேலைய முடிச்சுக் காமிச்சுட்ட. இன்னும் ஒரு நாள்தான். இத நீயா எதுக்கும்மா கெளப்பற?"

அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். அவர் நீட்டிய வழி அகலமாகவும் சுகமாகவும் இருந்தது. ராஜாம்பாள் அதில் கொஞ்ச தூரம் மனசால் நடந்தும் பார்த்தாள். ரயில், விழுப்புரம், அதற்கப்புறம் பெயர் தெரியாத ஸ்டேஷன்கள். எல்லா ஸ்டேஷனிலும் பதுருன்னிசா செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் நிறைந்தது. தலைவி என்கிற முறையில் முதலில் பேச வேண்டியவள் அவள். மைக் முன்னால் நின்று, ரிப்பனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு விழுந்த ஐம்பத்திரண்டுல முப்பத்தொண்ணு எனக்குப் போட்டதில்ல. என்னை வேண்டாம்னு அடிச்சது. எங்க பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் வழக்கம். எண்ணும்போதே எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கச் சொல்லாம இருந்துட்டேன்."

தெய்வசிகாமணி வேறு வழியில்லாமல் எழுந்து பெண்கள் பக்கம் திரும்பினார். "இது நிஜமா? யார் யார் அடிச்சது, கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. முன்பெஞ்சில் ஒருத்தி தலையை ஆட்டி, இல்லை சார், நாங்கள் வேண்டும் என்றுதான் போட்டோம் என்றாள். அந்தப் பொய் ராஜாம்பாளை அவமானத்தால் சுட்டது. தன்னை இந்தப் பெண்கள் எல்லோர் எதிரிலும் பொய்க்காரியாக்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்போது ஐந்தாவது பெஞ்சில் ஒரு விரல் உயர்ந்தது.

"நான் அடிச்சேன் சார்" என்றாள் பதுருன்னிசா. ராஜாம்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சின்னக்கண்ணு விரல். பிறகு இரண்டு, நாலு, ஒரு பெஞ்சு முழுக்க. மேடையில் நின்றவள் எண்ணாமல் இருந்தாளா? எண்ணினாள். இருபத்தொன்பது. இரண்டு பேர் கடைசி வரைக்கும் தூக்கவில்லை. கை தூக்காமல் உட்கார்ந்திருந்த நாலு பேரில் அது யார் என்று அவளுக்கு இன்றைக்கும் ஒரு கணக்கு உண்டு.

மறுபடியும் வோட்டு நடந்தது. இந்தத் தடவை தெய்வசிகாமணி பாரதத்தின் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை, பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, கரும்பலகையில் வரைந்து காட்டி, மூன்று முறை சொன்னார். வேண்டியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ராஜாம்பாளிடம், நிற்கிறாயா என்று கேட்டார். நிற்கிறேன் என்றாள். அவள் திருந்திப்போய் ஒதுங்கி நிற்கிற ரகம் இல்லை.

கலீலுல்லா அறுபத்தொன்று. ராஜாம்பாள் முப்பத்தெட்டு. பாவாடை பத்தொன்பது.

கலீலுல்லா ரிப்பனை வாங்கிக் குத்திக்கொள்ளாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மேடையை விட்டு இறங்கும்போது அவளிடம், "அந்தக் குழு பிரிச்ச தாளு இருந்தா குடு. அது நல்லா இருந்துச்சு" என்றான். அவள் கொடுத்தாள்.

கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது தெய்வசிகாமணி பழைய நினைப்பில் சீட்டுகளை அவளிடமே நீட்டிவிட்டார். கட்டி வைக்க வேண்டியது. அவள் பிரித்தாள். அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் திருந்துமா? முப்பத்தெட்டில், தன்னுடையது போக, ஊதா எத்தனை என்று பார்த்தாள். இருபத்தேழு. மறுபடி எண்ணினாள். இருபத்தேழுதான். நேற்று முன்தினம் அவளை அடித்த பெண்கள் இன்றைக்கு அவள் பெயருக்குப் பக்கத்தில் குறி போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தெரியாமல் அவளுக்குப் போட்ட நீல மைக்காரர்களில் பாதிப் பேர், கூடப் படிக்கிறவர்களே வேண்டாம் என்கிற பெண் நமக்கு எதற்கு என்று கலீலுல்லா பக்கம் போயிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் டில்லி. சொன்னதால் இந்த இருபத்தேழு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் பள்ளம் விழுந்த கோட்டைத் தேட ஆரம்பித்தாள். பதுரு பெருக்கல் குறி போட்டாலும் அளவுகோல் வைத்துத்தான் போடுவாள். தன் கட்டில் இருபத்தேழு ஊதாவையும் பார்த்தாள், இல்லை. பயந்துகொண்டே கலீலுல்லா கட்டைப் பார்த்தாள், இல்லை. பாவாடை கட்டிலும் இல்லை.

"என்னுதத் தேடறியா?" பதுருன்னிசா தூணருகில் நின்றுகொண்டிருந்தாள். அளவுகோல் அவள் கையில்தான் இருந்தது. "தேடாத. பின்னாடி பெஞ்சுல நீலப் பேனா வாங்கி வெறுங்கையில போட்டேன்."

"ஏன்?"

"நீ பிரிச்சுப் பாப்பேன்னு தெரியும்."

"யாருக்குடி போட்ட?"

"சொல்ல மாட்டேன். கட்டு, நேரமாவுது."

ராஜாம்பாள் கட்டினாள். கடற்காற்று ஒருவழியாக வீசத் தொடங்கி, தாழ்வாரத்தில் மீந்த காகிதங்களை உருட்டிக்கொண்டிருந்தது. இருவரும் மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் பதுருன்னிசா மாநாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவள் தங்கைக்கு அம்மை போட்டிருப்பதைப் பற்றியும், நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையைப் பற்றியும் பேசினாள். நடுநடுவே நிறுத்தி யோசித்தாள். நிறுத்தும் இடத்திலெல்லாம் ராஜாம்பாளுக்கு அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பதுருன்னிசா தானே சொல்லி முடித்தாள். அவள் சொன்ன வார்த்தை ராஜாம்பாள் நினைத்த வார்த்தை இல்லை.

ரெட்டியார்பாளையம் வழியாகப் போகிற விழுப்புரம் பஸ் நின்றிருந்தது. ராஜாம்பாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீட்டில் ஹோல்டால் காய்ந்துகொண்டிருக்கும், அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். எண்ணினவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று அவர் சொன்னது சரிதான் என்று தொடங்கலாம். கீழே பதுருன்னிசா அளவுகோலால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

யாருக்குடி போட்ட என்று இன்னொரு தடவை கேட்க வாய் துடித்தது. பஸ் கிளம்ப மூன்று நிமிஷம் ஆயிற்று. மூன்று நிமிஷமும் அவள் கேட்கவில்லை. அதுவரைக்கும் அவள் செய்த எந்த வேலையும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.